வலைக்கண்

போர்கோ வெக்கியோவில் நான் குடியிருக்கும் வீட்டின் பின்பக்கப் பல்கனிக்கு மார்ச் மாதத்தில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 40 நிமிடம் வெயில் வரும். பத்தே முக்காலுக்கு எதிர்வீட்டுக் கூரையின் விளிம்பைத் தாண்டி இறங்கும். பல்கனிக் கம்பிகளின் ஊடாகத் தரையில் கோடு கோடாகக் கிடக்கும். பதினொன்றரைக்குள் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறிப் போய்விடும். அந்த 40 நிமிடத்தை நம்பி ஒரு கறிவேப்பிலைக் கன்று தொட்டியில் நிற்கிறது.

பலேர்மோவைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகத்துக்கும் பொலித்தேயாமா அரங்குக்கும் நடுவில், உச்சார்தோனே சிறைச்சாலைக்கு அண்மையில் இருக்கிறது இந்தக் குடியிருப்பு. 16ஆம் நூற்றாண்டில் நகர மதிலுக்கு வெளியே எழுந்தது. ஒடுங்கிய தெருக்கள், உயர்ந்த வீடுகள், நடுவில் சந்தை. கோடையில் சந்தைக்காரர்கள் கடைக்குக் கடை துணிப்பந்தல் இழுத்துக் கட்டுவார்கள். அதன் கீழே மீனும் கத்தரிக்காயும் ஒரு சிவந்த வெளிச்சத்தில் கிடக்கும். இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் சில ஆயிரம் பேர் இருக்கிறோம். சைவரும் கத்தோலிக்கருமாகப் பெல்லெக்ரினோ மலைக்கு ஏறிச் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டுவிட்டு வருவது பலருக்கு வழக்கம்.

சனிக்கிழமைகளில் சந்தைக்கு வந்துவிட்டு எங்கள் வீட்டில் தேநீர் குடித்துப் போகும் ஓர் அண்ணர் இருக்கிறார். மாத்தளைப் பக்கத்து மலையில் பிறந்தவர். அவருடைய தகப்பன் நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏலக்காய்க் காட்டில் வேலை செய்தவர். ஒரு நாள் என் கறிவேப்பிலையைப் பார்த்து, “தங்கச்சி, இதுக்கு வெயில் பத்தல” என்றார். “மேலை நல்ல வெளிச்சம்தானே அண்ணை” என்றேன் நான், வானத்தைக் காட்டி.

“மேல பாக்காதீங்க. தரையப் பாருங்க. எங்கப்பா காட்டுல நின்னா மரத்தையே பாக்க மாட்டாரு. கீழ விழுற வெயிலத்தான் எண்ணுவாரு.”

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஏனென்றால் கடந்த 50 ஆண்டுகளாக உலகம் இதற்கு நேர்மாறான ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விமானத்திலும் செய்மதியிலும் இருந்து மரத்தின் தலையைப் பார்த்து, அதன் காலடியில் எவ்வளவு வெயில் விழும் என்று கணிக்கிற வேலை. அந்த வரலாற்றில் எங்கள் பங்கு என்ன என்று தேடியதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

மரத்தடியில் விழும் வெயிலை அளப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு, விதானத்தின் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 1 அல்லது 2 பங்குதான் வந்து சேர்கிறது. அதிலும் பெரும்பகுதி, இலைகளுக்கிடையே புகுந்து சில நொடிகளோ சில நிமிடங்களோ தங்கிப் போகும் வெயில் பொட்டுகளாக வரும். எந்த விதை முளைக்கும், எந்தக் கன்று 10 ஆண்டு காத்திருந்து மரமாகும், எது கருகும், மண் எவ்வளவு ஈரம் வைத்திருக்கும் என்பதெல்லாம் அந்தச் சொற்ப ஒளியில் தங்கியிருக்கின்றன. ஏலக்காய் காட்டின் கீழ்த்தட்டுச் செடி. முழு வெயிலில் இலை வெந்துபோகும், முழு இருட்டில் காய் பிடிக்காது. மேலே விழும் ஒளியில் ஏறத்தாழப் பாதி வடிந்து வரவேண்டும். அந்தப் பாதியை அறிவது ஏலக்காட்டில் கூலி வேலையின் ஒரு பகுதி.

தமிழில் இந்த அளவை மிகப் பழையது. பொருநராற்றுப்படையில், இலையில்லாத மராமரத்தடியில் வழிநடைக்காரர் களைப்பாறும் இடத்தில், அம்மரத்தின் மெல்லிய நிழலை விரித்துக் கட்டிய வலைக்கு ஒப்பிடுகிறார் புலவர். நிழல் என்பதை ஒரே இருட்டாகப் பார்க்காமல், நூலும் கண்ணுமாகப் பார்த்த பார்வை அது. இன்றைய காட்டியலாளர் விதானத்தை அளப்பதும் அப்படித்தான். மேலே பார்த்தால் வானத்தில் எத்தனை பங்கு இலையால் மறைபட்டது, எத்தனை பங்கு திறந்திருக்கிறது என்பதே முதற் கணக்கு. மீன்பிடிகாரர் வலையின் துளையைக் கண் என்பார்கள். காட்டின் வலைக்கண்ணை எண்ணுவதற்கு விஞ்ஞானம் இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது.

வந்த வழி வேடிக்கையானது. 1924இல் ரொபின் ஹில் என்ற ஆங்கிலேயர், மேகங்களைப் படம் பிடிப்பதற்காக வானம் முழுவதையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கும் வில்லை ஒன்றை வடிவமைத்தார். இன்று மீன்கண் வில்லை என்கிறோம். இவரேதான் பின்னர், 1930களின் இறுதியில், இலையிலிருந்து பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் ஒளி பட்டதும் ஒட்சிசனை வெளிவிடுவதைக் காட்டித் தாவர உயிர்வேதியியலில் பெயர் பெற்றவர். அவருடைய மேகக் கமராவைக் காட்டுக்குள் கொண்டுபோனவர்கள் இவான்ஸ், கூம்ப் என்ற இருவர். 1959இல் அவர்கள் வெளியிட்ட முறை எளிமையானது. கமராவைத் தரையில் மல்லாக்க வைத்து விதானத்தைப் படமெடுக்க வேண்டும். அந்த வட்டப் படத்தின்மேல், அந்த இடத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் போகும் பாதைகளை வரைந்த தாளை வைக்க வேண்டும். பாதை எங்கெங்கே வலைக்கண்ணைக் கடக்கிறதோ, அந்த நாளில் அந்த நேரத்தில் அங்கே வெயில் விழும். ஒரே படத்திலிருந்து ஓராண்டு வெயிலைக் கணிக்கலாம். அண்ணரின் தகப்பன் தரையில் எண்ணியதை இவர்கள் தரையில் கிடந்து மேலே பார்த்து எண்ணினார்கள்.

இதற்கிடையில் 1953இல் யப்பானில் மொன்சி, சயெக்கி என்ற இருவர் இன்னொரு வழியைக் காட்டினார்கள். தண்ணீரில் ஆழம் போகப்போக ஒளி மங்குவதுபோல இலையடுக்கினுள்ளும் ஒளி ஓர் ஒழுங்கில் மங்குகிறது என்றார்கள். ஒரு சதுர மீற்றர் தரைக்கு மேலே உள்ள இலைகளையெல்லாம் பறித்துப் பரப்பினால் எத்தனை சதுர மீற்றர் வரும் என்பதே இதில் அளவுகோல். இலைகள் ஒளியை மறிக்கும் திறனை நடுத்தரமாக வைத்துக் கணக்குப் போட்டால், அந்த எண் 3 ஆனால் தரைக்கு வருவது நூற்றுக்கு 22, 6 ஆனால் 5, 8 ஆனால் 2. மெய்யான மரத்தில் இலைகள் கொத்துக் கொத்தாக நிற்பதால் ஒளி இதைவிடக் கொஞ்சம் கூடவே கசியும். ஆனாலும் இலையளவு தெரிந்தால் நிழலைக் கணிக்கலாம் என்ற இந்த எண்ணம்தான் வானத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கதவைத் திறந்தது. இலையளவை மேலிருந்தே கண்டுபிடித்துவிட்டால் காட்டுக்குள் கால் வைக்கவே வேண்டாம் அல்லவா?

எங்கள் பக்கத்தில் மேலிருந்து பார்த்த வேலைகளில் மிகப் பெரியது இலங்கைக் காடுகளின் கணக்கெடுப்பு. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு, 1956இல் எடுத்த விமானப் படங்களைக் கொண்டு நாட்டின் காடுகள் முழுவதும் வரைபடமாக்கப்பட்டன. 1961இல் அதன் அறிக்கை வந்தது. நாட்டின் பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடு என்று பின்வந்தவர்கள் எடுத்தாளும் எண் அந்தப் படங்களிலிருந்து வந்ததே. விமானப் படத்தில் தெரிந்தது விதானம். அதன் கீழே எந்த இடத்தில் ஏலம் நட்டிருந்தது என்பது அந்தக் கணக்கின் கேள்வியே அல்ல.

தமிழ்நாட்டுக் கரையிலும் ஒரு தொடக்கம் இருந்தது. 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் தாவரவியலாளர்கள் தென்னிந்தியாவின் தாவர வரைபடங்களைத் தாள் தாளாக வெளியிட்டார்கள். கன்னியாகுமரித் தாள் 1961இல் வந்தது. பின்னர் குடகு மாவட்டத்தில் உப்பங்களா என்ற இடத்தில், மரங்களை ஒவ்வொன்றாக இலக்கமிட்டுத் தொடர்ந்து அளக்கும் நிலத்துண்டுகளை 1990 வாக்கில் அமைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வானத்துப் படமும் தரையளவும் ஒன்றையொன்று சந்தித்த இடங்களில் அது ஒன்று. 2012இல் இந்த நிறுவனத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள், கூகுள் எர்த்தில் எவரும் பார்க்கக்கூடிய விதானப் படங்களைக்கொண்டு காட்டின் எடையைக் கணித்துக் காட்டினார்கள். வெயில் பட்ட மரத்தலைகளுக்கும் அவற்றின் நடுவே விழும் நிழலுக்கும் உள்ள சொரசொரப்புத்தான் அங்கே அளவுகோல்.

இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் சோதனையும் ஒரு மரத்தலையைப் பற்றியதே. 1970 வாக்கில் பிஷாரடி என்ற விஞ்ஞானியின் தலைமையில், கேரளத்துத் தென்னந்தோப்புகளின் மேல் ஹெலிகொப்டரில் பறந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படமெடுத்தார்கள். வாடல் நோய் பிடித்த தென்னையை மேலிருந்தே பிரித்தறிவது நோக்கம். நலமான இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி வீசும். இந்த வேறுபாடுதான் பின்னர் வந்த செய்மதிகளின் மூலதனம். 1972 ஜூலையில் அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் மேலே போனது. 1988 மார்ச்சில் இந்தியாவின் முதல் தொலையுணர்வுச் செய்மதி ஐ.ஆர்.எஸ். 1ஏ போனது.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. இலைகளின் பரப்பு ஒரு சதுர மீற்றருக்கு 3, 4 என்ற அளவைத் தாண்டியதும் செய்மதியின் பச்சைக் கணக்கு நிறைந்து நின்றுவிடும். அதற்குமேல் 5 அடுக்கு இலையா, 8 அடுக்கா என்று அதற்குத் தெரியாது. மேலே சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள். தரையின் தலைவிதி மாறுவது அந்த 5க்கும் 8க்கும் இடையில்தான். எந்த இடத்தில் நிழல் ஆழமாகிறதோ, அந்த இடத்தில்தான் செய்மதியின் கண் மங்குகிறது.

இது ஆய்வுக்கூடத்துச் சங்கடமாக மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் மரவிதானம் நூற்றுக்கு 10க்கு மேல் இருந்தால் அது காட்டுப் பரப்பு. 40 வரை திறந்த காடு, 70 வரை நடுத்தர அடர்காடு, அதற்குமேல் மிக அடர்ந்த காடு. நிலம் யாருடையது, கீழே என்ன விளைகிறது என்பது பொருட்டல்ல. ஆகவே காப்பித் தோட்டமும் ஏலத்தோட்டமும் மேலிருந்து காடாகவே எண்ணப்படும். நக்கிள்ஸில் இதன் மறுபக்கம் நடந்தது. ஏலம் வைப்பவர் பெரிய மரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் வெட்டித் துப்புரவாக்குவார். படத்தில் விதானம் அப்படியே பச்சையாக நிற்கும். கீழே அடுத்த தலைமுறை மரக்கன்று ஒன்றுகூட இருக்காது. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியானது. காட்டின் நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏலக்காட்டில் நிழலைக் கூட்டியும் குறைத்தும் வாழ்ந்தவர்கள் வெளியேறியபோது, அவர்களிடம் எந்த மரத்தில் எந்தக் கொப்பை எந்த மாதத்தில் கழிப்பீர்கள் என்று கேட்டு எழுதி வைத்த ஒரு தாளை நான் இதுவரை பார்க்கவில்லை.

கடலுக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில் அதே வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் தமிழர். தேனி மாவட்டத்துப் போடி, கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறிப் பொழுதுசாயத் திரும்புகிறவர்கள். மழை தொடங்குமுன் நிழல் மரங்களில் ஏறிக் கொப்புக் கழிப்பது அங்கே ஆண்டு தவறாத வேலை. எவ்வளவு கழிப்பது என்பதற்குக் கருவி இல்லை, கண்தான். அந்த மலை காடா, தோட்டமா என்ற வழக்கோ இன்னும் ஓயவில்லை. திருவிதாங்கூர் அரசு 1897இல் வெளியிட்ட அறிவிக்கை குறிப்பது 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது வழக்கின் நடுப்புள்ளிகளில் ஒன்று. ஒரு பக்கம் காகிதத்தில் ஓர் இலக்கம், மறுபக்கம் செய்மதியில் ஒரு பச்சை. இரண்டுக்கும் நடுவே, கொப்பில் தொங்கிக்கொண்டு வெயிலை அளந்து இறக்கிய ஆள் எந்த ஆவணத்திலும் இல்லை.

செய்மதியின் மங்கிய கண்ணைத் தெளிவாக்க வந்தது லேசர். 2018 டிசம்பர் 5ஆம் திகதி ஏவப்பட்டு, அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட நாசாவின் ஜெடி என்ற கருவி, ஒவ்வொரு துடிப்பிலும் 25 மீற்றர் அகலமான வட்டத்தின்மேல் ஒளியைக் கொட்டுகிறது. அதில் கொஞ்சம் உச்சி இலையில் பட்டுத் திரும்பும், கொஞ்சம் நடு அடுக்கில் பட்டுத் திரும்பும், மிச்சம் வலைக்கண்களினூடாக இறங்கித் தரையைத் தொட்டுத் திரும்பும். திரும்பி வரும் நேர வித்தியாசத்தைக் கொண்டு, எந்த உயரத்தில் எவ்வளவு இலை என்று அடுக்கடுக்காகப் பிரித்துவிடலாம். விமானத்திலிருந்து இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்து, கணினிக்குள் ஒரு காட்டைக் கட்டி, அதன்மேல் ஒரு பொய்ச் சூரியனை ஓடவிட்டு, தரையில் விழும் வெயிலைக் கணிக்கிறார்கள். ஹில்லின் கமராவுக்கு மேலே வைத்த சூரியப் பாதைத் தாளின் பேரப்பிள்ளை இது.

வெயிலை அளக்க வெயிலைப் போன்ற ஒன்றையே அனுப்பி, தரையைத் தொட்டு வந்ததை எண்ணும் முறை என்பதால், இதுவரை வந்த கருவிகளில் ஏலக்காட்டுக் கிழவரின் பார்வைக்கு அருகில் வருவது இதுதான் என்று எனக்குப் படுகிறது. இதற்கும் குறை உண்டு. செங்குத்தான சரிவில் தரையிலிருந்து வரும் ஒளியும் தாழ்ந்த கொப்பிலிருந்து வரும் ஒளியும் கலந்துவிடும். எங்கள் ஏலமும் தேயிலையும் விளையும் இடமெல்லாம் சரிவுதான். அதனால்தான் எவ்வளவு உயரத்தில் கருவி பறந்தாலும், எங்கோ ஓர் இடத்தில் ஒருவர் மரத்தடியில் நின்று தரையளவோடு அதைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

மேலிருந்து பார்ப்பதன் எல்லையை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் வன்னிக் கரையோரத்தின் செய்மதிப் படங்களை இணையத்தில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் நாங்கள். கூடாரங்களை எண்ண முடிந்தது. கூடாரத்துக்குக் கீழே இருந்தவர் யார் என்பது படத்தில் இல்லை. அந்தப் படங்களைப் பொய் என்று நான் சொல்லவில்லை, அவை இல்லாதிருந்தால் இன்னும் இருட்டு. கீழே நின்றவர்களின் சாட்சியமும் சேர்ந்தபோதே அவற்றுக்குப் பொருள் வந்தது என்றுதான் சொல்கிறேன்.

காட்டு நிழலிலும் அதே கணக்குத்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் எங்கள் பிள்ளைகள் சிலர் இன்று புவியியல், தொலையுணர்வு, தரவியல் படிக்கிறார்கள். ஏலமலையின் லேசர்த் தரவைத் தம் அறையிலிருந்தே இலவசமாக இறக்கிப் பார்க்க அவர்களால் முடியும். அவர்களில் யாருக்காவது மலையகத்திலோ தேனியிலோ கொப்புக் கழித்த ஒரு தாத்தா, கொழுந்து பறித்த ஒரு அப்பாயி இருந்தால், தரவைத் திறக்குமுன் ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்கட்டும். நிழல் சரியென்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எந்த மரத்தின் நிழல் ஏலத்துக்குக் குளிர்ச்சி, எது இருட்டு? எந்த மாதத்தில் எத்தனை கொப்பு? அந்தப் பதில்களும் தரையளவுதான். அவர்களோடு அவை போய்விட்டால் எந்தச் செய்மதியாலும் திரும்ப எடுக்க முடியாது.

அண்ணரிடம் நான் கேட்டேன், அப்பா எதை எண்ணுவார் என்று. வெயில் பொட்டுகளைத்தான் என்றார். உச்சிப்பொழுதில் ஒரு செடியின் அடியில் சாக்கை விரித்து, அதில் எத்தனை வட்டம் விழுகிறது, எவ்வளவு நேரம் நகராமல் நிற்கிறது என்று பார்ப்பாராம். வட்டம் என்று அவர் சொன்னதில் ஒரு பௌதிகம் இருக்கிறது. இலைச் சந்து எந்த வடிவமாக இருந்தாலும் அது சிறிதாகவும் உயரத்திலும் இருந்தால், தரையில் விழுவது சூரியனின் உருவம்தான். 2019 டிசம்பர் 26ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்த அந்தச் சில நிமிடங்களில், மாமரத்தடிப் பொட்டுகளெல்லாம் வளையங்களாக மாறியிருக்கும். ஊசித்துளைக் கமராவின் இந்த விதியை அண்ணரின் தகப்பன் படித்ததில்லை. வட்டம் கலங்கலாக இருந்தால் கொப்பு உயரத்தில் என்றும், விளிம்பு கூர்மையாக இருந்தால் தாழ்வில் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தேநீர் முடிந்து போகும்போது அண்ணர் கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி, பல்கனியின் மறுகோடியில், தரையோடு தரையாக இருந்த இடத்திலிருந்து ஒரு பழைய ஸ்டூலின் மேல் வைத்தார். அடுத்த நாள் மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். 40 நிமிடம் 55 ஆகியிருந்தது.